வேகத்தில் எரிந்த சிவப்பு விளக்கு

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்து ஆளாக்கியது ஆறு பேரை. நான்கு நான் பெற்றவை. இரண்டு, என் தங்கை கண்ணை மூடியபோது என் இடுப்புக்கு வந்து சேர்ந்தவை. ஆறும் இன்று ஆறு குடும்பமாக நிற்கிறது, ஒன்றும் சோடை போகவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

படிப்பு என்று பார்த்தால் என் பெயரைப் போடுவேன். பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் வண்டியின் முன்பலகையில் எரிகிற விளக்குகளுக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. எல்லாமே படம். அதில் ஒன்று, மூக்கு வைத்த சின்னக் கெண்டி மாதிரி இருக்கும். மூக்கு நுனியில் ஒரு சொட்டு நிற்கும். அது சிவப்பாக எரிந்தால் இன்ஜினுக்குள் எண்ணெய் ஓட்டம் குறைகிறது என்று அர்த்தம். அந்தக் கெண்டியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எங்களுக்குப் பாத்திர வாடகைக் கடை. கண்டனூர், நெற்குப்பை, இளையாத்தங்குடிப் பக்கமெல்லாம் பெரிய பெரிய வீடுகள் வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். ஒரு கல்யாணம், அறுபதாம் கல்யாணம், முன்னோர்களுக்குப் படைப்பு என்று வந்தால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சனம் வந்து இறங்கும், அடுப்பு அணையாது. அந்த வீட்டுக்காரர்களுக்குச் சொந்தமாகப் பாத்திரம் இல்லாமல் இல்லை. அறை நிறைய இருக்கும். எடுத்துத் துலக்கித் திரும்ப அடுக்க ஆள்தான் இல்லை. அதனால் எங்கள் அண்டாவும் கிடாரமும் போகும். ஏற்றிப் போவது எங்கள் பிக்கப் வண்டி. வாங்கும்போதே இன்னொருத்தர் ஓட்டிய வண்டி. என் தங்கையின் மூத்த மகன்தான் ஓட்டுகிறான். அவனுக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. கரண்டியிலிருந்து கிடாரம் வரை நான் நின்று இறக்கி, நான் நின்று ஏற்றினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இந்த மாசி மாதம், நெற்குப்பையில் ஒரு விசேஷம் முடிந்து பாத்திரங்களோடு திரும்பிக்கொண்டிருந்தோம். ரோடு நன்றாக இருந்தது, அவனும் கொஞ்சம் மிதித்தான். கெண்டி எரிந்தது.

"பெரியாத்தா, ஆயில் லைட்டு" என்றான்.

"பாத்துக்கிட்டுத்தானடா இருக்கேன். ஓரங்கட்டு."

நிறுத்தி, மூடியைத் தூக்கி, அளவுக் கம்பியை எடுத்துத் துடைத்துவிட்டுப் பார்த்தான். எண்ணெய் கோட்டளவுக்கு இருந்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகலும் இல்லை. வெயிலில் நின்று ஆளுக்கொரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளப்பினோம். விளக்கு இல்லை. நிம்மதியாகக் கிளம்பினால் கொஞ்ச தூரத்தில் மறுபடி எரிகிறது. உருட்டிக்கொண்டு போனால் அணைகிறது. அப்படியே மாட்டு வண்டி மாதிரி வீடு வந்து சேர்ந்தோம். வழியில் சைக்கிள்காரர் ஒருத்தர் எங்களைத் தாண்டிப் போனார். எனக்கு மானமே போயிற்று.

புதுவயல் ரோட்டில் எங்களுக்கு வாடிக்கையான பட்டறை இருக்கிறது. அந்த மெக்கானிக் தங்கமான மனுஷர், கைசுத்தம். முதலில் விளக்குக்கான ஸ்விட்சில் கோளாறாக இருக்கும் என்று புதிது மாற்றினார். அன்றைக்கே ரோட்டில் மறுபடி எரிந்தது. அப்புறம் அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு என் இரண்டாவது மகனிடம் சொன்னார், கடைப் பொறுப்பை அவன்தான் பார்க்கிறான்.

"அண்ணே, வண்டி சூடேறுனதும் லைட்டு எரியுதுன்னு டிரைவர் சொல்றாரு. சூடேறுனா ஆயிலு இளகிரும். உள்ள பேரிங்கு தேஞ்சு இடுக்கு விட்டிருந்தா இளகுன ஆயிலு நிக்காம ஒழுகிரும், அழுத்தம் வராது. இன்ஜினை இறக்கணும். இம்புட்டு வயசான வண்டிக்கு அது கட்டுமான்னு நீங்கதான் ரோசன பண்ணணும்."

என் மகன் ரோசனை பண்ணவில்லை. ஏற்கெனவே பண்ணி வைத்திருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஆரம்பித்தான்.

"ஆத்தா, பழைய வண்டி வாங்குற ஆளு நாளைக் காலையில பட்டறைக்கு வாரேன்னுட்டாரு. குடுத்துருவோம்."

"அப்ப கண்டனூர்க் கல்யாணத்துக்கு?"

"லோடு ஆட்டோ சொல்லிக்கிருவோம்."

"அதுக்கடுத்த கல்யாணத்துக்கு?"

"எதுக்குத்தா கல்யாணம் கல்யாணமாப் போயி நிக்கிற? வீட்டுல ஒக்காரேன். டிவி இருக்கு, பேன் இருக்கு. பாத்திரத்தையும் மொத்தமாக் கேக்குறாக, குடுத்துட்டா ஒரு வேலை முடிஞ்சிச்சு."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெற்றவளை உட்கார வைத்துச் சோறு போட்டேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ள அவனுக்கு ஆசை. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. வண்டி போனால் கடை போகும். கடை போனால் நான் அந்த டிவிக்கு முன்னால் இன்னொரு நாற்காலி. என் தங்கை மகன் சாவியைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான். அவனுக்கும் அந்த வண்டிதான் பிழைப்பு.

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்தேன். சூடேறினால் எரிகிறது என்கிறார்கள். சரி. ஆனால் வீட்டு வாசலில் வந்து, அணைக்காமல் நின்றபோதும் வண்டி சூடாகத்தானே இருந்தது? மூடியில் கை வைக்க முடியவில்லை. அப்போது கெண்டி எரியவில்லையே. வேகமாகப் போனபோது மட்டும்தானே எரிந்தது?

உடனே எனக்கு எங்கள் கிணறு ஞாபகம் வந்தது. அப்போது கரண்டு மோட்டார் கிடையாது, டீசல் இன்ஜின்தான். உறிஞ்சுகிற குழாயின் அடியில் சல்லடை வைத்த ஃபுட்வால்வு இருக்கும். கிணற்று மேட்டில் ஒரு புங்கமரம். இலை உதிர்ந்து தண்ணீரில் ஊறிக் கிடக்கும். இன்ஜினை வேகம் கூட்டினால் இலைகள் இழுபட்டு வந்து சல்லடையில் அப்பிக்கொள்ளும், தொட்டியில் விழுகிற தண்ணீர் மெலிந்துவிடும். நிறுத்திவிட்டால் இலை விட்டு விலகிவிடும். மறுபடி கிளப்பினால் தொடைப் பருமனுக்குத் தண்ணீர் கொட்டும், கொஞ்ச நேரம்தான், பழையபடி மெலியும். என் வீட்டுக்காரர் இன்ஜினைத் திட்டுவார். நான் அவரைக் கிணற்றில் இறங்கச் சொல்வேன். முங்கி எழுந்து ஒரு கை இலையோடு வருவார்.

இதுவும் அதேதான் என்று எனக்குப் பட்டது. உடம்பில் கோளாறில்லை, உறிஞ்சுகிற வாயில் என்னமோ அடைக்கிறது.

காலையில் மகன் எழுந்து குளிப்பதற்குள் நானும் டிரைவரும் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டோம். மெக்கானிக் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கத்தா. வண்டிய வழியனுப்ப வந்தீகளாக்கும்?"

"வழியனுப்பவா? வைத்தியம் பாக்க வந்திருக்கேன். தம்பி, பேரிங்கு தேஞ்சிருந்தா லைட்டு எப்ப எரியும்னீக?"

"சூடாகி, சும்மா நின்னு ஓடும்போது எரியும். ஆக்சிலேட்டர மிதிச்சா அணைஞ்சிரும்."

"எங்க வண்டி மிதிச்சாத்தான எரியுது?"

அவர் சூடத்தட்டைக் கீழே வைத்தார். டிரைவரைப் பார்த்தார். "சூடேறுனா எரியுதுன்னுதானப்பா சொன்ன?"

"வேகமாப் போகையில சூடாத்தானண்ணே இருக்கும்" என்றான் அவன்.

மெக்கானிக் சிரித்தார். நம்பவில்லை, ஆனால் யோசிக்கிறார் என்று தெரிந்தது. நான் விடவில்லை.

"ரெண்டையும் பிரிச்சுப் பாத்துருவோம். நகட்டாம இங்கயே ஓட விடுங்க. மிதிக்கப்படாது. உள்ளது அம்புட்டும் சூடாகட்டும். சூட்டுல எரிஞ்சா நீங்க சொன்னது. எரியலன்னா நான் சொல்றது."

"நீங்க என்னத்த சொல்றீக?"

கிணற்றுக் கதையைச் சொன்னேன். ஃபுட்வால்வு என்றதும் அவர் முகம் மாறியது. "அடியில ஆயிலுச் சட்டிக்குள்ள அதே மாதிரி ஒரு வடிகட்டி இருக்குத்தா" என்றார். எனக்கு அது அதுவரை தெரியாது. இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன், இருந்தது.

ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் முள் வைத்த மீட்டர் ஒன்றை மாட்டினார். விளக்கு, அழுத்தம் இருக்கிறது, இல்லை என்று மட்டும்தான் சொல்லும். முள்தான் எவ்வளவு என்று சொல்லும். வண்டியை ஓடவிட்டோம். நான் என் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து என் மகன் வந்தான், பின்னாலேயே வண்டி வாங்குகிற ஆளும். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு போன். வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார்.

"ஆத்தா, செத்த எறங்குங்க, வண்டியப் பாக்கணும்" என்றார்.

"பாருங்க. நான் என்ன, கண்ணாடியவா மறைச்சுக்கிட்டு இருக்கேன்?"

"இன்ஜின் போன வண்டி, எதுக்கு ஓட விட்டிருக்கீக?"

"போயிருச்சான்னு பாக்கத்தான் ஓடுது. நீங்க டீ சாப்புட்டு வாங்க."

மகன் சன்னல் பக்கம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "எறங்குத்தா. எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும். இந்த வண்டியில நான் ஒக்காந்து வாறதப் பாக்காத சனம் இந்த ரோட்டுல யாருடா இருக்கா?"

அந்த ஆள் உண்மையிலேயே டீ குடிக்கப் போய்விட்டார். வெயில் ஏறியது. வண்டிக்குள் இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நான் அசையவில்லை. மெக்கானிக் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாக் கொதிக்கிது. முள்ளு எறங்கலையே!" என்றார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முள் நின்ற இடத்தில் நின்றது.

"இப்ப மிதிடா" என்றேன் டிரைவரிடம்.

மிதித்தான். முள் மேலே ஏறியது. என் மகன் என்னைப் பார்த்தான். "விடாத, அப்படியே புடி" என்றார் மெக்கானிக். கொஞ்ச நேரம் நின்ற முள் நடுங்க ஆரம்பித்தது. பிறகு இறங்கியது, படிப்படியாகக் கூட இல்லை, சரசரவென்று. "நிறுத்து, நிறுத்து!" என்று அவர் கையை ஆட்டினார். வண்டி அணைந்தது.

நான் வெற்றிலைப் பையைத் திறந்தேன். "இப்ப ஒரு வெத்தல போடுற நேரம் விட்டுட்டு மறுபடி கிளப்புங்க."

கிளப்பினோம். முள் பழைய இடத்துக்கே வந்து ஒழுங்காக நின்றது.

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டார். "எல விட்டுப்போச்சு, ஆத்தா" என்றார். கிணற்றுக்காரி மாதிரியே பேசினார் மனுஷர். எனக்கு அந்த இடத்திலேயே பாதி வண்டி கைக்கு வந்துவிட்டது.

மகன் மட்டும், "எலயோ, தழையோ. தெறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றான்.

"தெறக்கத்தான போறோம்" என்றேன்.

எண்ணெயை வடித்துவிட்டு, அடிச்சட்டியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். சட்டி வரமாட்டேன் என்றது. அப்படி ஒட்டிக்கொண்டிருந்தது. தகட்டை விட்டு நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மெக்கானிக் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"டிரைவரு! இங்குட்டு வாப்பா! என்னத்தப்பா பிழிஞ்சு வச்சிருக்க?"

வடிகட்டியைக் கழற்றி வெளியே கொண்டுவந்து காட்டினார். கம்பி வலையே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ரப்பர் துணுக்குகள், உடைந்த தேன்குழல் மாதிரி நீளநீளமாக, வலையை மூடிக்கொண்டு கிடந்தன.

என் தங்கை மகன் முகம் விழுந்துவிட்டது. அது என்ன என்று அவனுக்கு உடனே தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

தை மாதம் ஒரு பெரிய வீட்டில் சாமான் இறக்கினோம். அப்போது வண்டியின் அடிச்சட்டி இணைப்பில் கொஞ்சம் எண்ணெய்க் கசிவு இருந்தது. பின்கட்டு வாசலில்தான் வண்டி நின்றது. சொட்டிய எண்ணெயை மிதித்துக்கொண்டு ஆட்கள் அண்டாவைத் தூக்கிப் போய்விட்டார்கள். அடுப்படியிலிருந்து நடு முற்றத்து வளவு வரைக்கும், அந்தப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லெல்லாம் கருப்புப் பாதம். அன்றைக்குத்தான் தேங்காய்ப்பூவும் தவிடும் போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள். அந்த வீட்டு ஆச்சி எங்களைத் திட்டக்கூட இல்லை. கல்லைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"ஒழுகுற வண்டிய இனிமே கொண்டாராதீக" என்றார்கள். அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் ஒரு ஆச்சி சொன்னால் ஒன்பது வீட்டு ஆச்சி சொன்ன மாதிரி.

என் தங்கை மகனுக்கு அது பொறுக்கவில்லை. மறுநாளே அடிச்சட்டியைக் கழற்றி, ஒட்டுகிற பசையை விளிம்பைச் சுற்றிப் பிழிந்து மாட்டினான். அதற்கப்புறம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகக்கூடாது என்று நூல் கனத்துக்குப் போட வேண்டியதை விரல் கனத்துக்குப் போட்டிருக்கிறான். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிட்டான். உள்ளே பிதுங்கியது காய்ந்து, எண்ணெயில் ஊறி, அறுந்து விழுந்து, போய் வாயை அடைத்துக்கொண்டது.

"நாந்தான் வண்டியக் கெடுத்தேனா பெரியாத்தா?" என்றான். நரை விழுந்த ஆம்பளை, சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான்.

"நீ ஆச்சி வீட்டுக் கல்லைக் காப்பாத்துனடா. கொஞ்சம் கூடுதலாக் காப்பாத்திப்புட்ட."

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் தன் தலையை வண்டியில் இடித்துக்கொண்டார். "எங்க ஊருல ஆயிலு ஒழுகுனா ஒரு டப்பாவ வச்சு ஏந்துவாக. இங்க மட்டுந்தான் தரையப் பாத்து இன்ஜினை அடைக்கிறாக" என்றார். அவர் மானாமதுரைப் பக்கம்.

அவரும் அத்தோடு விடவில்லை. திறந்தது திறந்தாயிற்று, சந்தேகம் வேண்டாம் என்று ஒரு பேரிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் மகனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தார். "தேச்சல் இருக்குண்ணே, இல்லைங்கல. ஆனா ஓடுற தேச்சல்தான். கீறல் இல்ல. நல்லவேளை, லைட்டு எரிஞ்சதும் மிதிக்காம உருட்டிக்கிட்டு வந்திருக்காக. மிதிச்சிருந்தா அன்னைக்கே சோலி முடிஞ்சிருக்கும்."

சைக்கிள்காரர் தாண்டிப் போன மானக்கேடு அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக மாறிவிட்டது.

மண்ணெண்ணெயில் வடிகட்டியைக் கழுவிக் காற்றடித்தார்கள். சட்டியின் விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். இந்தத் தடவை பசையை மெக்கானிக்கே போட்டார், மெல்லிசாக. அது இறுகும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, புது எண்ணெய், புது பில்டர். டீ குடிக்கப் போனவர் இதற்கிடையில் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை வந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் மிதித்துப் பிடித்திருந்தான். முள் மேலே போய் ஆணி அடித்த மாதிரி நின்றது.

"இன்ஜின் போன வண்டின்னீகளே?" என்றார் என் மகனிடம்.

மகன் வானத்தைப் பார்த்தான். நான் சொன்னேன். "போன எடத்துலருந்து வந்திருச்சுங்க. நீங்க வேற எங்கயும் பாருங்க."

முள்ளைக் கழற்றி ஸ்விட்சை மாட்டினார்கள். "ரோட்டுல ஓட்டிப் பாத்தாத்தான் நம்புவேன்" என்றான் மகன். சரி, ஏறு என்றேன். மெக்கானிக் ஓட்ட உட்கார்ந்தார். நடுவில் என் தங்கை மகன், சன்னலோரம் நான். மகனுக்கு இடமில்லை, பின்னால் ஏறி நின்றுகொண்டான். கண்டனூர் ரோட்டில் விட்டார் பாருங்கள். இத்தனை வருஷத்தில் இந்த வண்டி அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. காற்று என் கொண்டையை அவிழ்த்துவிட்டது. சன்னலில் வைத்த கையை நான் எடுக்கவில்லை, முன்பலகையில் வைத்த கண்ணையும் எடுக்கவில்லை. கெண்டி இருக்கிற இடம் கன்னங்கரேலென்று கிடந்தது. அந்த இடத்தில் விளக்கென்று ஒன்று உண்டா என்பதே தெரியவில்லை.

"இன்னும் மிதிங்க தம்பி!"

"பின்னால ஒங்க மகன் நிக்கிறாருத்தா!"

"புடிச்சுக்கிருவான். மிதிங்க!"

கண்டனூர் எல்லையில் திருப்பி, அதே வேகத்தில் திரும்பி வந்தோம். விளக்கு ஒரு மினுக்குக்கூட மினுக்கவில்லை. பட்டறையில் இறங்கியபோது மகன் தலையெல்லாம் புழுதி. புருவம் செம்மண்ணாக இருந்தது. சட்டையைத் தட்டினான், முகத்தைத் துடைத்தான், கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்று யாருக்கோ போன் பண்ணினான். நான் கேட்காத மாதிரி வெற்றிலைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தான்.

"லோடு ஆட்டோவ வேணாம்னுட்டேன்" என்றான்.

"பாத்திரத்த மொத்தமாக் கேட்ட ஆளு?"

"அவுகளையும் வேணாம்னுட்டேன். போதுமா?"

"போதும்ப்பா. கண்டனூருக்கு எத்தன அண்டா கேட்டாக?"

"ஒனக்குத் தெரியாததாத்தா? நீயே வந்து நின்னு ஏத்து."

நின்று ஏற்றினேன்.

அடி பேத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதினது போதும், பேனாவை வை. இப்போது மேலே இருந்து எனக்கு வாசித்துக் காட்டு. உன் அப்பன் உள்ளேதான் இருக்கிறான், அவன் பின்னால் நின்றுகொண்டு வந்த இடத்தை மட்டும் கொஞ்சம் உரக்கப் படி.